கும்பிடு போட்ட பனித்தகடு

என் மனைவி கங்காணியான அதே வருஷம்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பனி தள்ளும் தகடு ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டில் எது என்னை அதிகம் ஆட்டி வைத்தது என்று கேட்டால் இன்றுவரை என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் நான் லோடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். லோடர் என்றால் முன்னால் இரண்டு இரும்புக் கைகளும், அந்தக் கைகளில் மாட்டிய பெரிய பக்கெட்டும் கொண்ட வண்டி. தேயிலை ஆலையின் அடுப்புக்கு விறகு அள்ளிக் கொடுப்பதும், மழையில் ரோட்டில் சரிந்த மண்ணை வாரிக் கொட்டுவதும்தான் வேலை. பெரிய வேலை ஒன்றுமில்லை, ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை. மற்றவர்களெல்லாம் சரிவில் நனைந்துகொண்டு நிற்கும்போது தலைக்கு மேல் தகரக் கூரையோடு உட்கார்ந்திருப்பவனுக்குக் கொஞ்சம் மிதப்பு வரும். எனக்கு நிறையவே வந்திருந்தது.

மேல் மலைக்குக் கங்காணியாக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு, கம்போங் ராஜாவில் மகனுடைய காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்குத் தோட்ட மேனேஜர், அதாவது துரை, என் மனைவியைப் போட்டார். எங்கள் தோட்டத்தில் பெண் கங்காணி அதுதான் முதல் தடவை. அவள் கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. அதைவிட, அவளுக்குக் குரல் உண்டு. இந்த மலையில் நின்று ஒருவரைக் கூப்பிட்டால் அடுத்த மலையில் இருப்பவர்கள் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். துரை ஆளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெருமைதான். நான் லோடர்காரன், அவள் கங்காணி, அவரவர் வேலை அவரவருக்கு என்று இருந்தேன்.

அந்த நிம்மதியில் ஓட்டை விழுந்தது. உண்மையாகவே ஓட்டைதான், லோடர் பக்கெட்டில். அடித்தட்டு துருப்பிடித்துத் தின்று போய், அள்ளுகிற மண்ணில் பாதி வழியிலேயே ஒழுக ஆரம்பித்தது. நான் மண்ணை அகற்றுகிறேனா, ரோடு முழுக்கப் பரப்புகிறேனா என்று துரையே ஒருநாள் ஜீப்பை நிறுத்திக் கேட்டார். புது பக்கெட் வாங்க மேலிடத்தில் சம்மதிக்கவில்லை. லோடரை விற்றுவிடலாம், மண் சரிந்தால் வெளியிலிருந்து வண்டி கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது.

அப்படியானால் எனக்கு என்ன வேலை என்று ஆபீஸ் கிராணியிடம் போய்க் கேட்டேன். எல்லாவற்றையும் எழுதி வைக்கும் அந்த மனிதர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மேல் மலையில் புல் வெட்ட ஓர் ஆள் குறைகிறது என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். தோட்டத்தில் காலையில் முதல் காரியம் பெரட்டு. எல்லாரும் ஆபீஸ் முன்னால் கூட்டம் கூட்டமாக நிற்க வேண்டும். கங்காணி தன் ஆட்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் “இருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று ஒரு நம்பிக்கை. என் மனைவி அதில் மற்ற எல்லாரையும்விடக் கண்டிப்பு. எனக்கு இருப்பது ஒரு சாமியின் பெயர். அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தச் சாமியையே பெயர் சொல்லிக் கும்பிடுவதை விட்டுவிட்டாள். கோவிலில் மற்றவர்கள் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது இவள் மட்டும், “நான் யாரச் சொல்றேன்னு ஒனக்கே தெரியும்” என்று முனகுவாள். ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் ‘இந்தாங்க’. தூரத்தில் இருந்தால் அதையே நீட்டி, ‘இந்தாங்கோ’. அப்படிப்பட்டவள் தினமும் காலையில், தோட்டம் முழுக்கக் காது கொடுத்து நிற்க, என் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு அவளுக்கு இருக்கேன் சொல்ல வேண்டும். நினைக்கும்போதே எனக்கு வேர்த்தது. அந்தக் குளிரிலும்.

தோட்டத்து ஆண்களுக்கு இது தீபாவளிபோல ஆகிவிட்டது. என்னை எங்கே பார்த்தாலும் ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு மெல்லிய குரலில் இருக்கேன் என்பான். நான் இரண்டு பேரோடு சண்டைக்கே போனேன். ஒருநாள் சாயங்காலம் வீட்டில் என் மனைவி, தட்டில் சோறு போட்டுக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: “எப்படியாவது அந்த லோடர விக்காமப் பாத்துக்குங்க. என்னால முடியாதுங்க.”

அவளால் முடியாதது ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் தகடு வந்தது. எங்கள் துரை வெள்ளைக்காரர் இல்லை, இந்த நாட்டுக்காரர். ஆனால் படித்தது ஏதோ குளிர் தேசத்தில். ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வேறு எதற்கோ போனவர், அங்கே மூலையில் கிடந்த ஒன்றைப் பார்த்து உருகிப் போய்விட்டாராம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய லோரிகளில் ஒன்றின் முகத்தில் மாட்டியிருந்ததாம் அது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு லோரியை விற்றிருந்தார் கடைக்காரர். தகட்டை யாரும் சீண்டவில்லை. துரைதான் ஏற்றி அனுப்பினார்.

தாப்பா ரோட்டு வளைவுகளிலெல்லாம் திரும்பித் திரும்பி வந்து சேர்ந்த லோரியிலிருந்து அதை இறக்கியபோது வேலை முடிந்து போனவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். மஞ்சள் பெயிண்ட் உரிந்து, ஆள் மார்பு உயரத்துக்கு உள்பக்கமாக வளைந்து, ரோடு அகலத்துக்குக் கிடந்தது. கோவில் முன்மண்டபத்துக்குக் கூரை வந்துவிட்டது என்று பூசாரி சந்தோஷப்பட்டார். துரை வந்து விளக்கினார். அவர் படித்த ஊரில் ரோட்டில் முழங்கால் உயரம் பனி விழுந்து கிடக்கும், அதை இப்படி ஒரு தகட்டால் தள்ளிக்கொண்டே போவார்கள் என்றார். அந்த வெள்ளைப் பனியை நாங்கள் யாரும் கண்டதில்லை. எங்கள் மலைப் பனி காலையில் வந்து துணியை ஈரமாக்கிவிட்டுத் தானே போய்விடும், அதை யாரும் தள்ள வேண்டியதில்லை.

இந்தத் தகட்டை லோடரில் மாட்டினால் பக்கெட்டே தேவையில்லை, மண்ணை அள்ளாமல் தள்ளியே பள்ளத்தில் விட்டுவிடலாம் என்பது துரையின் திட்டம். என்னையும் ஃபிட்டரையும் பார்த்து, “போலே?” என்று கேட்டார். முடியுமா என்று அர்த்தம். எனக்கு யோசனையாக இருந்தது. ஃபிட்டர் யோசிக்கிற ஆளில்லை. “போலே லா, துரை” என்றார்.

ஃபிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பட்டறைக்கு அவர்தான் ராஜா, என் நெருங்கிய கூட்டாளியும்கூட. அவருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான் உண்டு: வெல்டிங் வைத்தது, இன்னும் வைக்காதது. தகட்டைச் சுற்றி வந்து முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, பனி என்பது பிரிஞ்சாங் பசார் மாலாமில், அதாவது ராத்திரிச் சந்தையில், விற்கும் ஐஸ் கச்சாங்கில் மேலே குவித்து வைக்கும் ஐஸ்தூள்தான் என்று எனக்கு விளக்கினார். ஆகவே இது ஒரு பெரிய கரண்டி, மச்சான், கரண்டியை வண்டியில் மாட்டுவது என்ன கஷ்டம் என்றார்.

கஷ்டம் உடனே தெரிந்தது. தகட்டின் முதுகில் இருந்த இரும்புச் சட்டம் லோரி முகத்துக்குச் செய்தது. அதன் இரண்டு காதுகளும் கிட்டக் கிட்ட இருந்தன. லோடரின் கைகளோ அகலமாக விரிந்திருந்தன. நடுவில் ஒரு கனமான பலகை இரும்பைக் கொடுத்து, ஒரு பக்கம் லோடர் கைக்கும் மறுபக்கம் தகட்டுச் சட்டத்துக்கும் காதுகள் வைக்க வேண்டும். அதற்கு அளவு வேண்டும். அளவு நாடா ஸ்டோர் அலமாரிக்குள் இருந்தது. அலமாரிச் சாவி கிராணியிடம் இருந்தது. கிராணி தாப்பாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

காத்திருக்கலாம்தான். ஆனால் ஃபிட்டருக்கு வெல்டிங் கோல் கையில் ஏறிவிட்டால் இறங்காது. பூ அளக்கவில்லையா, முழம் போட்டால் போச்சு என்றார். நான் வெளியே போய் லோடர் கைகளுக்கு நடுவில் முழம் போட்டுக் கத்தினேன். அவர் உள்ளே அதே கணக்கில் இரும்பில் முழம் போட்டுக் கோடு கிழித்தார். நான் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். ஃபிட்டர் என் தோளுக்குக் கீழே நிற்பவர். வெட்டி, ராவி, காது வைத்து ஒட்டி, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துப் பார்த்தால் ஒரு சாண் குறைகிறது. என் கை நீளமா, அவர் கை குட்டையா என்பதில் எங்களுக்குள் வந்த வாக்குவாதம் ஆலை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். நான் இன்றைக்கும் சொல்வேன், அவர் கைதான் குட்டை.

கிராணி வந்தார், நாடா வந்தது, இரும்பு மறுபடியும் வெட்டப்பட்டது. ஆலையில் கழித்துப் போட்ட தேயிலை உருட்டும் மேஜையின் கால்களை முட்டுக் கொடுத்து ஒட்டினோம். ஒருவழியாக லோடர் கையில் தகடு ஏறியது. பார்க்க வண்டி மீசை வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தூக்கினால் தூக்கியது, இறக்கினால் இறங்கியது. இடம் வலமாகச் சாய்த்து, அசையாமல் இரும்பு ஊசி செருகிப் பூட்டவும் துளைகள் இருந்தன. தகட்டின் முதுகில் என் தொடை பருமனுக்கு இரண்டு ஸ்பிரிங் இருந்ததை மட்டும் நாங்கள் கவனித்தும் கவனிக்காமல் விட்டோம். குளிர் தேசத்துக்காரர்கள் சொகுசுக்காக வைத்திருப்பார்கள் என்றார் ஃபிட்டர்.

புது வண்டியோ புதுச் சாமானோ, பூசை போடாமல் எங்கள் தோட்டத்தில் எதுவும் உருளாது. லோடரைக் கோவில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். தகட்டில் திருநீறு பட்டை, நடுவில் குங்குமம், குறுக்கே மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி சூடம் காட்டித் தேங்காய் உடைத்துவிட்டு, எடு என்று கை காட்டினார். துரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேல் மலைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், என் மனைவி முன்வரிசையில்.

நான் தகட்டைத் தரையோடு இறக்கி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மெல்ல முன்னால் எடுத்தேன். தேங்காய் உடைக்கிற கல் மண்ணில் புதைந்து கொஞ்சம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என் இடத்திலிருந்து அது தெரியாது. தகட்டின் கீழ் விளிம்பு போய் அதில் இடித்தது. இடித்ததும் அத்தனை பெரிய தகடு, மாலையோடு, முன்பக்கமாக அப்படியே குனிந்தது. ஸ்பிரிங்குகள் முனகின. கோவில் வாசலைப் பார்த்து நன்றாகக் குனிந்துவிட்டு, நான் வண்டியைப் பின்னால் எடுத்ததும் சாவகாசமாக நிமிர்ந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண், “கும்புடுது பாருங்கடி” என்றாள். அத்தனை பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லில் இடித்தால் தகடு உடையாமல் இருக்கத்தான் அந்த ஸ்பிரிங், இடித்தால் குனிவதுதான் அதன் வேலை என்று துரை எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெண்கள் தகட்டுக்கு இன்னொரு மாலை கொண்டுவரப் போனார்கள். அன்றிலிருந்து லோடர் கோவிலைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கல்லில் ஒரு முட்டு முட்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் மறந்தால் லயத்துக் கிழவர்கள் கம்பை நீட்டி மறித்தார்கள்.

பக்தியில் குறை இல்லை. வேலையில்தான் வந்தது வினை. மறுநாள் துரை முன்னிலையில் ரோட்டோரம் கிடந்த மண்குவியலில் தகட்டைக் கொண்டுபோய் முட்டினேன். கேமரன் களிமண் ஐஸ்தூள் இல்லை. தகடு மண்ணுக்கும் ஒரு கும்பிடு போட்டது. குனிந்தபடியே மண்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் எடுத்தால் நிமிர்ந்தது. மறுபடி முட்டினால் மறுபடி கும்பிடு. குவியல் அப்படியே இருந்தது, நான்தான் அதற்கு நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நின்ற ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். துரை சிரிக்கவில்லை. ஈப்போவிலிருந்து பழைய வண்டி வாங்குகிற ஒரு தவுக்கே, சீன முதலாளி, சனிக்கிழமை லோடரைப் பார்க்க வருகிறார், அதற்குள் ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஃபிட்டருக்கு வழி தெரிந்தே இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, குனியவே முடியாதபடி தகட்டை முட்டோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட வேண்டும். கோலை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது பட்டறை வாசலில் பெண்கள் நின்றார்கள். பூசாரியும் நின்றார். சாமியைக் கும்பிடுகிற ஒன்றைக் கும்பிட விடாமல் கட்டிப் போடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள். ஒட்டுகிறவன் கை விளங்காமல் போகும் என்றும் யாரோ சொன்னார்கள். ஃபிட்டர் தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டு கோலைக் கீழே வைத்துவிட்டார். முன்வரிசையில் நின்றவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தேன். லோடரை விற்காமல் பார்த்துக்கொள் என்பதும் நீ, வழியை அடைப்பதும் நீ, பெரட்டில் என் பெயரைக் கூப்பிட அவ்வளவு ஆசை என்றால் நேராகச் சொல்லிவிடேன் என்று கத்தினேன். அவள் செம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நாங்கள் ஒரு மாடு வைத்திருந்தோம், உதைக்கிற மாடு. பால் கறந்துவிட்டுச் செம்போடு வந்தவள் என் முன்னால் நின்றாள்.

“கறக்கறப்ப காலக் கட்டறோம். கறந்து முடிச்சதும் அவுத்து உட்டுடறோம். மாடு என்ன கோவிச்சுக்குதா?”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், கோபமாக இருந்ததையும் மறந்து, சாப்பிடாமல் ஃபிட்டர் வீட்டுக்கு ஓடினேன்.

ஒட்ட வேண்டாம், கட்டினால் போதும். தகட்டின் தலையிலிருந்து முட்டுக்கு இரண்டு பக்கமும் கனத்த சங்கிலி. முனையில் கொக்கி. மண் தள்ளும்போது கொக்கியை மாட்டினால் தகடு குனியாது. கோவில் பக்கம் வரும்போது கழற்றிவிட்டால் தாராளமாகக் கும்பிட்டுக்கொள்ளலாம். சங்கிலி மரம் இழுக்கிற பழைய சங்கிலி. கொக்கி மாட்டும் வளையத்தைத் தகட்டில் ஒட்ட வேண்டியிருந்ததால் ஃபிட்டருக்கும் சந்தோஷம். பூசாரியும் வந்து பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமை மத்தியானம்தான் விட்டது. மேல் மலைக்கும் ஆலைக்கும் நடுவில், வளைவில், ரோட்டை மூடிக்கொண்டு மண் சரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் காலையில் எடுத்த கொழுந்தோடு லோரி நின்றுவிட்டது. மூட்டைக்குள் கொழுந்து வெகுநேரம் இருந்தால் சூடேறிச் சிவந்து போகும், அப்புறம் அது தேயிலை ஆகாது, குப்பைதான். அத்தனையும் என் மனைவியின் ஆட்கள் மழையில் நின்று எடுத்தது. லோரிக்குப் பக்கத்தில் அவர்கள் நின்றார்கள், அவள் மூட்டைக்குள் கைவிட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் துரை. அவரோடு, குடை பிடித்துக்கொண்டு, லோடரை வாங்க வந்த ஈப்போ தவுக்கே.

நான் தகட்டைப் பள்ளத்துப் பக்கம் பார்க்கச் சாய்த்து ஊசி போட்டேன். இரண்டு கொக்கியையும் மாட்டினேன். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். முதல் முட்டில் சங்கிலி இறுகி முறுக்கிக்கொண்டது. தகடு குனியப் பார்த்தது, முடியவில்லை. மண் சுருண்டு, ஓரமாக வழிந்து, பள்ளத்தில் விழுந்தது. அவ்வளவுதான், எனக்கு வெறி பிடித்துவிட்டது. அந்தப் பக்கம் மேட்டில் ஏறி நின்றுகொண்டு அவள் கையைக் காட்டினாள், இடது, வலது, நில்லு, வா என்று. பள்ளத்து விளிம்பு எங்கே இருக்கிறது என்று தகடு மறைத்ததில் எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். அவள் கையைப் பார்த்தே தள்ளினேன். கடைசி மண்ணும் போய் லோரி உறுமிக்கொண்டு என்னைக் கடந்தபோது கொழுந்து இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. தவுக்கே இதையெல்லாம் பார்த்துவிட்டு, வண்டியை இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார். விற்பதற்கில்லை என்றார் துரை. இது என் காதுபடவே நடந்தது.

அந்தக் குஷியில் வீட்டைப் பார்க்க வந்தவன் கொக்கியைக் கழற்ற மறந்துவிட்டேன். கோவில் முன்னால் வழக்கம்போல் கல்லில் ஒரு முட்டு முட்டினேன். சங்கிலி கட்டிய தகடு எப்படிக் குனியும்? தகடு விறைத்து நின்றது, லோடரின் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, வண்டி முழுசும் முன்னால் சாய்ந்து, என் நெற்றி ஸ்டீயரிங்கில் போய் மடாரென்று இடித்தது. பின் சக்கரங்கள் மறுபடி தரையைத் தொட்டபோது நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல காரியம், இன்றைக்குத்தான் வண்டியும் ஆளும் சேர்ந்து கும்பிட்டார்கள் என்று பூசாரி திருநீறு கொண்டுவந்து வீக்கத்தின் மேலேயே பூசிவிட்டார்.

லோடர் பிழைத்தது. நானும் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டு அன்று ராத்திரியும் மறுநாள் மத்தியானமும் நன்றாகச் சாப்பிட்டேன். ஞாயிறு சாயங்காலம் கிராணி லயத்துக்கே வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மண் சரிகிறதெல்லாம் மேல் மலையில்தான், ஆகவே இதுவரை பட்டறைக் கணக்கில் இருந்த லோடரும் அதன் ஆளும் இனி மேல் மலைக் கணக்கில், பெரட்டும் மேல் மலைக் கங்காணியிடம்தான், துரை உத்தரவு என்றார். இந்தத் தடவை அவர் சிரிப்பை அடக்கவே முயலவில்லை.

நான் துரையிடம் ஓடினேன். மனைவி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் என்ன கஷ்டம் என்று அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். ஃபிட்டரிடம் போனேன். பெயரை மாற்றிக்கொள், மச்சான் என்றார். வீட்டில் அவள் சாமி படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

திங்கட்கிழமைப் பெரட்டுக்கு அந்தத் தோட்டத்தில் வந்த கூட்டத்தைத் திருவிழாவிலும் நான் கண்டதில்லை. ஆலை ஆட்கள், பட்டறை ஆட்கள், பூசாரி, கிராணி எல்லாரும் வேலை இருப்பதுபோல் வந்து நின்றார்கள். நான் ஒரு உபாயம் செய்திருந்தேன். லோடரை இஞ்சின் ஓடவிட்டுப் பக்கத்திலேயே நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இரைச்சலில் அவள் என்ன சொன்னாலும் ஒருவர் காதிலும் விழாது.

அவள் மனப்பாடமாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வந்தாள். ஒவ்வொருவரும் இருக்கேன் சொன்னார்கள். கடைசி ஆள் முடிந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சின நிறுத்துங்க” என்றாள்.

நிறுத்தினேன். மூடுபனிக்குள் ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் ஒருதரம் கோவில் இருக்கும் பக்கம் பார்த்தாள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டாள். முழுப் பெயரையும், என் அப்பா வைத்த மாதிரியே, ஓர் எழுத்து விடாமல், அடுத்த மலைக்குக் கேட்கிற அதே குரலில்.

சிரிக்க வந்தவர்கள் சிரிக்க மறந்துவிட்டார்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டதில்லை. அது அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெட்கப்படத் தயாராக வந்த நான், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், சந்தோஷத்தில்தான்.

“இருக்கீங்களா இல்லையா? ஆப்சென்ட் போட்டுருவேன்” என்றாள்.

“இருக்கேன்” என்றேன்.

அன்றைக்கு நாலு இடத்தில் மண் தள்ளினேன், கோவிலில் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒழுங்காகக் கும்பிடு போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் தேத்தண்ணியை நீட்டி, “இந்தாங்க” என்றாள். நான் வாங்கவில்லை. காலையில் கூப்பிட்ட மாதிரி ஒருதரம் கூப்பிடேன் என்று கேட்டேன்.

அவள் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். போகிறபோது, “நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வாங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் நான் இருந்த வருஷங்களில் ஒருநாள்கூடப் பெரட்டுக்குப் பிந்திப் போனதில்லை.